வினிகரில் ஊறிய மீன்

ஜனவரி 24, ஞாயிறு

காய்ச்சல் விட்டு இன்றுதான் சமையல்கட்டுக்குள் கால் வைத்தேன். நான் படுத்திருந்த நாட்களில் போசன் தொம்மை அண்ணன்தான் சோறு பொங்கியிருக்கிறார். மணப்பாட்டுக்காரர். கப்பலில் கயிறு, நங்கூரம், தளத்து ஆட்கள் எல்லாம் அவர் பொறுப்பு. எந்தக் கயிற்றையும் முடிச்சுப் போடத் தெரியும், அவிழ்க்கத் தெரியும். பருப்பு வேகவைக்கத் தெரியாது. அடுப்புக்குப் பின்னால் சுவரெல்லாம் மஞ்சளாகக் கிடந்தது. தேய்த்துக் கழுவவே மத்தியானம் ஆகிவிட்டது.

இந்த டைரி, போன துறைமுகத்தில் மளிகை ஏற்றிய கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்தது. முதல் பக்கத்தில் பெயர் எழுத இடம் விட்டிருக்கிறார்கள். கஸ்பார் என்று எழுதினேன். ஊர் தூத்துக்குடி. தொழில் தலைமைச் சமையல்காரர். தலைமைக்குக் கீழே யாரும் கிடையாது, சமையல்கட்டில் நான் ஒருவன்தான்.

மரம் ஏற்றப் பின்லாந்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். கடல் உறைந்துவிட்டது. பனி உடைக்கும் கப்பல் வந்து வழி வெட்டித் தரும்வரை இப்படியே நிற்க வேண்டியதுதான். பெரிய கப்பல்களுக்கு முதலில் வழி விடுவார்களாம். எங்களுடையது சின்னது.

ஜன்னலுக்கு வெளியே வானம் எது, கடல் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எல்லாம் வெள்ளை. சத்தமும் இல்லை. காய்ச்சல் இன்னும் விடவில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

இரவுச் சாப்பாட்டுக்குச் சாம்பார். லேசாக அடிப்பிடித்துவிட்டது என்று இன்ஜினுக்கு எண்ணெய் போடும் ஆயிலர் ரபீக் சொன்னான். எனக்கு அப்படித் தெரியவில்லை. பருப்பின் தரம் அப்படி.

ஜனவரி 26, செவ்வாய்

காலையில் டீயை ஒரு வாய் குடித்த தொம்மை அண்ணன் அப்படியே போய்த் தொட்டியில் துப்பினார்.

"ஏல கஸ்பாரு, பால் திரிஞ்சி போயிருக்குல்லா?"

"திரியலண்ணே. பவுடர் கலந்ததுல கட்டி நிக்கி" என்றேன்.

அண்ணன் பால் டப்பாவை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார், என்னைப் பார்த்தார், டப்பாவைக் கவிழ்த்துவிட்டுக் கழுவினார். அவர் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. பிரிட்ஜ் சரியில்லை என்று இரண்டாம் இன்ஜினியரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் வந்து பார்த்துவிட்டுப் பிரிட்ஜ் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார். இன்ஜினியர்களுக்குக் கிச்சன் சாமான் என்றால் இளப்பம்.

ஜனவரி 28, வியாழன்

கேப்டன் விட்டோல்ட் கூப்பிட்டு அனுப்பினார். போலந்துக்காரர். நல்ல உயரம், வாசல்களில் குனிந்தே நடந்து நடந்து தோள் வளைந்துவிட்டது. சாம்பார் விஷயமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே போனேன். அது இல்லை.

அவர் ஊர்த் துறைமுகத்தில் மூன்று வாளி மீன் வாங்கி வைத்திருக்கிறார். ஹெர்ரிங் என்று பெயர். உப்பு நீரில் முழுதாகப் போட்டு மூடிய மீன். பார்த்தால் நம் சாளைக்குப் பெரியப்பா மகன் மாதிரி இருக்கிறது, கொஞ்சம் நீளம், கொஞ்சம் தடிப்பு. இதை எப்படித் தயார் செய்வது என்று சட்டைக் கையை மடித்துவிட்டு அவரே நின்று காட்டினார். தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை இறக்க வேண்டும். தோலுரித்து, முள்ளெடுத்து, துண்டு போட வேண்டும். வினிகரில் சீனி போட்டுக் கொதிக்கவைத்து நன்றாக ஆறவிட வேண்டும். கண்ணாடி ஜாடியில் ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு வெங்காயம், நடுவில் பிரிஞ்சி இலை, மிளகு, கடுகு. கடைசியில் வினிகர்.

"கேப்டன், அடுப்பு?" என்று கேட்டேன்.

"அடுப்பு உனக்கு விடுமுறை" என்றார். அவரும் என்னைப் போலத்தான் இங்கிலீஷ் பேசுவார், துண்டு துண்டாக. அதனால் எங்களுக்குள் நன்றாகப் புரிகிறது.

அவர் போன பிறகு இரண்டு கிராம்பும் ஒரு பச்சை மிளகாயும் போட்டேன். சும்மா இருக்க முடியவில்லை.

ஜனவரி 30, சனி

இன்று ஜாடியைத் திறந்தோம். கேப்டன் அறையில் அவித்த உருளைக்கிழங்கும் கறுப்பு ரொட்டியும் தயாராக இருந்தன. ஒரு துண்டை முள்கரண்டியில் குத்தி என்னிடம் நீட்டினார். வேகாத மீன். எங்கள் வீட்டில் யாராவது பார்த்தால் என்னைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்பிவிடுவார்கள். கேப்டனை மறுக்க முடியுமா? வாயில் போட்டேன்.

முதலில் புளிப்பு, நாக்கின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக் கிள்ளியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம் இனிப்பு எங்கிருந்தோ வந்து அந்த இடத்தைத் தடவிக்கொடுத்தது. வெங்காயம் நறுக்கென்று உடைந்தது. மீன் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போய்விட்டது. போன பிறகுதான் உப்பும் பச்சை மிளகாயின் உறைப்பும் மெதுவாக எட்டிப் பார்த்தன. நான் கண்ணை மூடியிருக்கிறேன் போல. திறந்தபோது கேப்டன் சிரித்துக்கொண்டிருந்தார்.

காய்ச்சலுக்குப் பிறகு எதைத் தின்றாலும் ஈரத் துணியை மெல்லுவது போல இருந்தது. அதை இங்கே எழுதவில்லை. எழுதுகிற அளவுக்குப் பெரிய விஷயமும் இல்லை. ஆனால் இன்று வாய்க்குள் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. எத்தனை துண்டு தின்றேன் என்று தெரியவில்லை. கேப்டன் ஜாடியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

ஜனவரி 31, ஞாயிறு

நேற்றைய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தேன். காலையில் அதைப் பிழிந்து, கொஞ்சம் தயிர் விட்டு, கல் உப்புப் போட்டு, தொட்டுக்கொள்ள ஹெர்ரிங். ஆண்டவரே! கருவாட்டைச் சுட்டு வைத்துப் பழைய சோறு தின்றவன்தான் நான். இது அதற்கு ஒன்றும் குறைச்சலில்லை. சோற்றின் குளிர்ச்சி ஒரு பக்கம், மீனின் புளிப்பு ஒரு பக்கம். வெளியே பனி மெல்ல மெல்ல விழுந்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவசரமே இல்லாமல் தின்றேன். நான் இருப்பது எந்த நாடு, எந்த மாதம் என்பதெல்லாம் கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு எந்தப் பயமும் இல்லை.

ரபீக் வந்து எட்டிப் பார்த்தான். காயல்பட்டினத்துப் பையன், மீன் என்றால் உயிரை விடுவான். "அண்ணே, பச்ச மீனையா திங்கிறிய? அந்தக் கேப்டன் ஒங்கள எதோ மயக்கிட்டாரு" என்று சொல்லி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினான்.

பிப்ரவரி 1, திங்கள்

ஹெர்ரிங். காலையிலும் சாயங்காலமும்.

பிப்ரவரி 3, புதன்

தொம்மை அண்ணனுக்குப் பனியில் வேலை இல்லை, அதனால் என் வேலையில் மூக்கை நுழைக்கிறார். தினமும் விடிந்ததும் வெந்நீர் வேண்டும் என்று வருகிறார். வந்தவர் வெந்நீரைப் பிடித்துக்கொண்டு போகவேண்டியதுதானே? பிரிட்ஜைத் திறக்கிறார், முட்டையை எடுத்துப் பார்க்கிறார், பால் டப்பாவைத் திறக்கிறார். மத்தியானம் ரபீக் வருகிறான். அவனுக்கு அடுப்புப் பக்கம் குளிர் காய வேண்டுமாம். இன்ஜின் அறையில் வேலை செய்கிறவனுக்குக் குளிராம்! தாளிக்கும்போது பக்கத்தில் நின்றுகொண்டு, "அண்ணே, வெங்காயம் செவந்துட்டு, எறக்கிருவமா" என்கிறான். நான் பிறந்ததிலிருந்து வெங்காயம் வதக்குகிறேன்.

சந்தேகப்படுகிறார்கள். எதை என்று கேட்டால் சொல்லமாட்டார்கள்.

ஹெர்ரிங் ஜாடிப் பக்கம் மட்டும் ஒருவரும் வருவதில்லை. அதுவரை நிம்மதி.

பிப்ரவரி 6, சனி

சாட்டிலைட் போனில் ஜெசிந்தாவோடு பேசினேன். வாரத்துக்கு ஒரு முறை, சில நிமிடம். என் மனைவிக்கு அந்தச் சில நிமிடத்தில் ஊர்க் கதை முழுவதையும் சொல்லியாக வேண்டும். பெரியவளுக்குக் கணக்கில் நல்ல மார்க். கிணற்றில் தண்ணீர் உப்பாகிவிட்டது.

"இன்னைக்கு என்ன சமையல்?"

"மீன் குழம்பு."

"மாங்கா போட்டியளா? வாசம் இங்க வரைக்கும் அடிக்கி" என்று சிரித்தாள்.

நான் கடல் எப்படி உறைந்திருக்கிறது, அதன் மேல் நரி ஒன்று நடந்து போனதை எப்படிப் பார்த்தோம் என்று பேச ஆரம்பித்துவிட்டேன். நரியைப் பார்த்தது ரபீக். நான் பார்க்கவில்லை.

பிப்ரவரி 8, திங்கள்

எழுதிவிடுகிறேன். இந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டாலும் போடுவேன்.

என் மூக்கு போய்விட்டது. காய்ச்சலோடு போனது திரும்பி வரவில்லை. காபித்தூள் டப்பாவில் முகத்தைக் கொடுத்துப் பார்த்தேன், பூண்டை நசுக்கிப் பார்த்தேன், டீசல் தோய்ந்த துணியைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. நாக்கில் புளிப்பும் உப்பும் இனிப்பும் உறைப்பும் மட்டும் தெரிகிறது. மற்றதெல்லாம் ஈரத் துணி.

வேறு யாருக்காவது என்றால் இது ஒரு குறை, அவ்வளவுதான். எனக்கு அப்படி இல்லை. எங்கள் ஊர் அந்தோணியார் கோயிலில் ஊருக்கே போடும் அசன விருந்துக்கு அண்டா அண்டாவாகச் சோறு பொங்கிப் பழகியவன் நான். சாமியார் வந்து மந்திரித்து முதல் அகப்பை விழும்வரை சமைத்தவன் நாக்கில் ஒரு துளி படக்கூடாது. பட்டால் எச்சில். அதனால் நாங்கள் வாசத்தில்தான் சமைப்போம். கொதி வரும்போது ஆவியில் முகத்தைக் காட்டினால் புளி பச்சையாக இருக்கிறதா, உப்பு குறைகிறதா, எல்லாம் சொல்லிவிடுவேன். கப்பலுக்கு வந்தும் அதே பழக்கம். ருசி பார்க்காத சமையல்காரன் என்று என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். நானும் பெருமைப்பட்டுக்கொள்வேன்.

இப்போது கதவுக்குப் பின்னால் நின்று குழம்பை உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்க்கிறேன். பார்த்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறேன், எதையோ திருடிவிட்ட மாதிரி.

கேப்டனுக்குத் தெரிந்தால் முடிந்தது. கெட்டுப்போன இறைச்சியைக் கண்டுபிடிக்க முடியாதவனை, கேஸ் கசிந்தால் தெரியாதவனை யார் அடுப்பில் விடுவார்கள்? நானே விடமாட்டேன். எனக்கு வேறு வேலை தெரியாது. சமையல்காரன் இல்லை என்றால் நான் யார் என்றே எனக்குத் தெரியவில்லை.

ஹெர்ரிங் ஒன்றுதான் என்னோடு இன்னும் பேசுகிறது. அதனால்தான் அதை விடமாட்டேன் என்கிறேன். போதும்.

பிப்ரவரி 10, புதன்

குளிர் அறையில் ஒரு பெட்டிக் கோழியைக் காணோம். தொம்மை அண்ணனைக் கேட்டதற்கு, உறை கிழிந்திருந்தது, தூக்கிக் கடலில் போட்டேன் என்கிறார். கடல் எங்கே இருக்கிறது போடுவதற்கு? பனிமேல் போய்ப் புதைத்தாராம்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதாண்ணே?"

"கேட்டா நீ என்ன சொல்லுவ?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு வெந்நீரோடு போய்விட்டார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. மூக்கு அதற்காவது உதவுகிறது.

பிப்ரவரி 12, வெள்ளி

இரண்டாவது வாளியும் காலி. அதில் போட்ட கடைசி ஜாடியைக் கேப்டன் தன் அறைப் பிரிட்ஜில் வைத்துக்கொண்டார். மூன்றாவது வாளியைத் தளத்து அறையிலிருந்து எடுத்துவரப் போனேன். அந்த அறையில் கதவுக் கைப்பிடியைத் தொட்டால் கை ஒட்டிக்கொள்ளும் குளிர். வாளியைத் தூக்கியபோது உள்ளே ஒன்றும் ஆடவில்லை. மீன் உறைந்து கல்லாகிவிட்டால் என்ன செய்வது? தூக்கிக்கொண்டு வந்து பாய்லர் சுவரை ஒட்டி வைத்திருக்கிறேன். அங்கே நல்ல கதகதப்பு. பாவம், அதுவும் கொஞ்சம் குளிர் காயட்டும்.

மத்தியானம் படுத்தபோது கனவு. நான் பெரிய கண்ணாடி ஜாடிக்குள் இருக்கிறேன். தண்ணீர் இளஞ்சூடு. வெள்ளி வெள்ளியாக மீன்கள் என்னைச் சுற்றி மெதுவாகப் போகின்றன, வெங்காய வளையங்கள் மிதக்கின்றன. வெளியே ஜெசிந்தா நின்று ஏதோ பேசுகிறாள். சத்தம் வரவில்லை. எனக்கு வெளியே வர வேண்டும் என்றே தோன்றவில்லை.

பிப்ரவரி 14, ஞாயிறு

வெயில் வந்தது. ஏணியை இறக்கி எல்லோரும் கடல்மேல் இறங்கி நடந்தோம். நான் கடல்மேல் நடக்கிறேன் என்று ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்தேன். ரபீக் கயிற்றுப் பந்தை உதைத்துக்கொண்டு ஓடினான். தூரத்தில் எங்கள் கப்பல், யாரோ வெள்ளைத் தாளில் வரைந்து பாதியில் விட்டுப் போன படம் மாதிரி நின்றது.

கேப்டன் பக்கத்தில் வந்து நடந்தார். புதன்கிழமை சாம்பல் புதன், தவக்காலம் தொடங்குகிறது. அதற்கு முந்தின நாள் அவர் ஊரில் எல்லாரும் கூடி உட்கார்ந்து ஹெர்ரிங் தின்பார்களாம். அந்த நாளுக்கே அந்த மீன் பெயர்தானாம். "செவ்வாய்க்கிழமை கப்பல் முழுக்க ஒரே மேசை. எல்லோரும் ஹெர்ரிங். நீ செய்கிறாய். சமையல்காரன் என் பக்கத்தில் உட்கார்கிறான்" என்றார்.

சந்தோஷத்தில் கேப்டன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே சமையல் இப்போது அதுதானே.

பிப்ரவரி 16, செவ்வாய்

வாளியைத் திறந்து நேற்று முன்தினமே ஊறப்போட்டுவிட்டேன். மீன் பஞ்சாக இருக்கிறது. பாய்லர் பக்கம் வைத்தது நல்லதாகப் போயிற்று.

பிப்ரவரி 17, சாம்பல் புதன்

நேற்று நடந்ததை எழுத வேண்டும். வயிறு இன்னும் சரியில்லை. எழுத்து கோணலாகத்தான் வரும்.

மெஸ்ஸில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தோம். இரண்டு பெரிய தட்டு நிறைய ஹெர்ரிங். ஒன்று அவர்கள் ஊர் மாதிரி, இன்னொன்று என் மாதிரி, பச்சை மிளகாயும் கிராம்பும் போட்டது. உருளைக்கிழங்கு, ரொட்டி, சின்ன வெங்காயம் போட்ட தயிர், பழைய சோறுகூட ஒரு சட்டி. எல்லோரும் குளித்துத் தலை சீவி வந்திருந்தார்கள். தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன். தொம்மை அண்ணன் சட்டையில் இல்லாத அழுக்கைத் தட்டிவிட்டார். ரபீக் கூரையைப் பார்த்தான். வேகாத மீனுக்குப் பயப்படுகிறார்கள், தின்று பார்த்தால் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

கேப்டனுக்கு ஜலதோஷம், கைக்குட்டையும் கையுமாக இருந்தார். எழுந்து நின்று, "இன்று சமைத்தவர் முதலில்" என்றார்.

நான் ஒரு துண்டை வாயில் போட்டேன். புளிப்பு வந்தது, இனிப்பு வந்தது. கடைசியில் லேசாக ஒரு கசப்பு. கிராம்பு கூடிவிட்டது போல. இன்னொன்றும் போட்டேன். "அருமை! எடுங்க, கூச்சப்படாதீங்க" என்றேன். அந்த நிமிடம் நான் எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். இந்தக் கப்பலில் இவ்வளவு மகிழ்ச்சியாக நான் இருந்ததில்லை.

தொம்மை அண்ணன் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். முள்கரண்டியில் ஒரு துண்டைக் குத்தினார். மூச்சைப் பிடித்து, கண்ணை இறுக்க மூடி, மருந்து குடிக்கிற பிள்ளை மாதிரி உதடு வரை கொண்டுபோய்த் தயங்கினார். அவரைப் பார்த்து ரபீக்கும் எடுத்தான். ஒவ்வொருவராக எல்லோரும் எடுத்தார்கள்.

கேப்டன் தன் துண்டை மூக்கருகே கொண்டுபோனவர், கைக்குட்டையால் மூக்கை அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடி கொண்டுபோனார்.

"வை! எல்லோரும் கீழே வை!"

பாய்ந்து போய் அண்ணன் கையைத் தட்டிவிட்டார். முள்கரண்டி சுவரில் போய் மோதியது. பின்பு தட்டைத் தூக்கி என் முகத்துக்கு முன்னால் நீட்டினார்.

"இது என்ன வாசம்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வினிகர் வாசம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. தொம்மை அண்ணன் உதட்டில் வினிகர் ஒரு சொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை.

"எனக்குத் தெரியாது கேப்டன். காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு எந்த வாசமும் தெரியாது."

சொல்லிவிட்டு அழுதேன். அத்தனை பேர் முன்னால், வாயில் மீனோடு.

அப்போது தொம்மை அண்ணன் கேப்டனிடம் தன்னுடைய இங்கிலீஷில் சொன்னார், எங்களுக்கு முன்னாலேயே தெரியும், நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம் என்று. பிறகு என் பக்கம் திரும்பி, "நீ உள்ளங்கையில ஊத்தி நக்கிப் பாத்தியே, அன்னைக்கே புரிஞ்சிட்டுல. ஏழு வருசமா ஒருநா நீ ருசி பாத்து நான் பாத்ததில்ல. அதான் காலைல பால நான் மோந்து பாப்பேன், மத்தியானம் இவன் வந்து அடுப்பப் பாப்பான். மொறை வச்சிக்கிட்டோம்" என்றார்.

"அப்ப இத ஏண்ணே திங்கப் போனிய?"

"நாத்தம் அடிச்சுதுதான். ஆனா அந்த மீனு என்னைக்குமே நாறத்தான செய்யும்னு நெனச்சோம். நல்லதும் கெட்டதும் எங்களுக்கு என்னல தெரியும்? நீ அவ்வளவு ஆசையா செஞ்சிருக்க."

கேப்டன் உட்கார்ந்துவிட்டார். வாளியை எங்கே வைத்தாய் என்று கேட்டார். சொன்னேன். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். உப்பு நீரில் கிடக்கும் மீனுக்குக் குளிர் ஒன்றும் செய்யாது, சூடுதான் எமன் என்பது அவர்கள் ஊரில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியுமாம். வாளியில் ஒன்றும் ஆடாதது உறைந்ததால் இல்லை, மீன் அவ்வளவு நெருக்கமாக அடுக்கியிருந்ததாம்.

இன்று விரதம். வயிறு வேறு வழியில்லாமல் விரதம் இருக்கிறது.

பிப்ரவரி 18, வியாழன்

கேப்டன் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார்.

துறைமுகம் சேர்ந்ததும் என்னை இறக்கி ஊருக்கு அனுப்ப வேண்டும், அதில் மாற்றமில்லை என்றார். ஆனால் காரணம் என்று ஒன்று எழுத வேண்டும். காய்ச்சலுக்குப் பின் பலவீனம் என்று எழுதினால், ஓய்வெடுத்துவிட்டு அடுத்த கப்பலுக்குச் சமையல்காரனாகவே வரலாம். மோப்பம் இல்லை என்று எழுதினால், அது திரும்பிவிட்டது என்று டாக்டர் கையெழுத்துப் போடும்வரை எந்தக் கப்பலிலும் அடுப்பைத் தொட முடியாது. திரும்பாமலே போனாலும் போகலாம்.

"எதை எழுத?" என்று கேட்டார். பேனாவை மூடித் திறந்து மூடித் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பலவீனம் என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை என்பது ஆண்டவருக்குத் தெரியும். அடுத்த கப்பலில் தொம்மை அண்ணன் இருக்கமாட்டார். யாரோ ஒருவன் இருப்பான், என்மேல் உள்ள நம்பிக்கையில் கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குக் கொண்டுபோவான்.

"உள்ளதை எழுதுங்க கேப்டன்."

எழுதினார். மை காய்ந்ததும் தாளை மடித்து வைத்தார்.

பிறகு அவரே போனைப் போட்டுக் கொடுத்தார். ஜெசிந்தாவிடம் மூக்கு போனதைச் சொன்னேன். அவள், "அதான் அன்னைக்கு வாசம்னதும் நரிக் கதை சொன்னியளாக்கும்" என்றாள். வீட்டுக்கு வாங்க என்றாள். நேரம் முடிந்துவிட்டது.

பிப்ரவரி 19, வெள்ளி

பனி உடைக்கும் கப்பல் விடியும்போதே வந்துவிட்டது. எங்களுக்கு முன்னால் கடல் ஒரு கறுப்புக் கோடாகத் திறந்துகொண்டே போகிறது. இரண்டு பக்கமும் பனித்தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கண்ணாடி நொறுங்குகிற சத்தம். இத்தனை நாள் மௌனத்துக்குப் பிறகு காதுக்கு அதுவே பாட்டுக் கச்சேரி.

துறைமுகம் வரை சமைப்பது நான்தான். மோந்து பார்ப்பது தொம்மை அண்ணன். இப்போது மறைவு எதுவும் இல்லை. வெந்நீர் பிடிக்கிற நடிப்பெல்லாம் இல்லாமல், மடித்துக்கட்டின லுங்கியோடு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். நான் ருசி பார்ப்பதையும் எல்லோர் முன்னாலும் செய்கிறேன்.

மத்தியானம் கேப்டன் தன் பிரிட்ஜிலிருந்த ஜாடியை அனுப்பியிருந்தார், தான் பார்த்துவிட்டதாகவும் நன்றாக இருப்பதாகவும் சொல்லி. தவக்கால வெள்ளி, மாமிசம் இல்லை. பழைய சோற்றையும் ஜாடியையும் எடுத்துக்கொண்டு தளத்துக்குப் போனேன். வெயில் இருந்தது, சூடு இல்லை. தொம்மை அண்ணன் பின்னாலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒரு துண்டு தா. அன்னைக்கித் திங்க விடல."

"இருங்க. மொதல்ல மோந்து பாருங்க" என்றேன்.

"அதான் கேப்டன் பாத்துட்டாராம்லா."

"அதுக்கில்லண்ணே. எப்படி இருக்குன்னு சொல்லுங்க. இத்தன நாளா திங்கேன், இதோட வாசம் என்னன்னு எனக்குத் தெரியாது."

அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கிண்டல் செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை. ஜாடியை இரண்டு கையாலும் பிடித்துக் குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார்.

"மொதல்ல வினிகரு. மூக்குல நச்சுன்னு ஏறுது. அது போனதுக்கப்புறம்... கிராம்பு. பல்லு வலிக்கு வப்பம்லா, அது. அப்புறம் வெங்காயம், ஆனா பச்ச வெங்காயம் மாதிரி இல்லல, சாதுவா இருக்கு. அடியில மீனு." நிறுத்தினார். மறுபடி குனிந்தார். "நாத்தம் இல்ல. எப்படிச் சொல்ல? விடியக்காலம் வள்ளத்துல ஏறுவம்லா, பலகை ராத்திரிப் பனியில நனஞ்சி கெடக்கும், வலை இன்னும் தண்ணியத் தொட்டிருக்காது. அந்நேரம் பலகையிலருந்து ஒண்ணு வருமே. அது."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லல. அவ்வளவுதான். நல்லா இருக்கு."

கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டை வாயில் வைத்தேன். வினிகர், கிராம்பு, வெங்காயம், நனைந்த பலகை. அண்ணன் சொன்ன வரிசையிலேயே வந்தது.